சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்

பிப்ரவரி 6, செவ்வாய். பரமக்குடி.

இந்த டைரி பூபாலன் அண்ணன் கொடுத்தது. அவருக்கு ஏதோ உரக்கடையில் கொடுத்தார்களாம். பக்கத்துக்குப் பக்கம் நல்ல நேரம், ராகு காலம் அச்சடித்திருக்கிறது. இன்றைக்கு நல்ல நேரம் என்று போட்டிருக்கும் நேரத்தில்தான் ஜெனரேட்டர் நின்றுபோனது. இருந்தாலும் இதில் எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்கே சிவப்பு நட்சத்திரம் கிடையாது.

டேப்பில் உண்டு. சிலேட்டு அகலத்துக்கு ஒரு தொடுதிரைக் கணினி கொடுத்திருக்கிறார்கள், அதுதான் டேப். பெயர், வயது, ஊர், இருமல் எத்தனை நாள், கைப்பேசி எண். நட்சத்திரம் போட்ட கட்டத்தை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் வராது. அடுத்த பக்கம் வராவிட்டால் எக்ஸ்ரே எடுக்க விடாது. இதைச் செய்தவன் ஒருநாளாவது வெயிலில் நின்று யாரிடமாவது பெயர் கேட்டிருப்பானா? குளிர்ந்த அறையில் உட்கார்ந்து கட்டம் கட்டமாகப் போட்டு நட்சத்திரம் வைத்திருக்கிறான்.

பின்னால் நானே எடுத்துப் படித்தாலும் புரிய வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன். நான் சகாயராணி, வயது முப்பத்தொன்பது, எக்ஸ்ரே டெக்னீஷியன். ஒரு தொண்டு நிறுவனத்தின் வேனில் ஊர் ஊராகப் போய்க் காசநோய் இருக்கிறதா என்று நெஞ்சுப் படம் எடுக்கிறேன். வேனை ஓட்டுபவர் பூபாலன் அண்ணன். படம் பார்த்து முடிவு சொல்லும் டாக்டர் சென்னையில். எங்கள் இருவருக்கும் நடுவில் கிளவுட். நான் எடுக்கும் படம் கிளவுடில் ஏறும், டாக்டர் அங்கிருந்து பார்ப்பார், முடிவு நோயாளியின் போனுக்குக் குறுஞ்செய்தியாக வரும். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

இன்று வெள்ளாங்குளம் கண்மாய்க்கு அப்பால் ஒரு கரிமூட்டம். கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மேலே மண்ணைப் பூசி, நாள்கணக்கில் உள்ளுக்குள் புகையவிட்டுக் கரியாக்குகிறார்கள். அந்தப் புகைக்குள்ளேயே குடிசை போட்டுப் பிள்ளை குட்டிகளோடு இருக்கிறார்கள். இருபத்தேழு பேர். முதல் மூன்று பேருக்கே ஒரு மணி நேரம் போய்விட்டது. நம்பரைப் போட்டால் அந்த போனுக்கு ஓடிபி வர வேண்டும். அங்கே சிக்னல் ஒரு கோடு, அதுவும் மூட்டத்து மண்மேட்டில் ஏறி நின்றால்தான். நான்காவது ஆளுக்கு போனே இல்லை. பின்னால் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்கிறார்கள். எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. பிறகு எப்படியோ வேகம் பிடித்தது. மேஸ்திரி முத்திருளாண்டி கடைசிவரை பக்கத்திலேயே நின்று ஒத்துழைத்தார், நல்ல மனிதர். இரண்டரை மணிக்குள் எல்லாரையும் முடித்துவிட்டோம்.

ஒருத்தியைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். இருளாயி, வயது இருபத்தாறு, வரிசையில் பத்தொன்பதாவது. படம் எடுக்கும்போது கழுத்தில் உலோகம் இருக்கக் கூடாது. தாலியைக் கழற்று என்று நான் யாரிடமும் சொல்வதில்லை, தூக்கிப் பல்லில் கடித்துக்கொள்ளச் சொல்வேன். இவள் கடித்துக்கொண்டு மூச்சை இழுத்தாள், இருமல் வந்து தாலி கீழே விழுந்தது. மறுபடி கடித்தாள், மறுபடி இருமல். மூன்றாவது தடவைதான் படம் சரியாக விழுந்தது. அவளுடைய மூன்று வயது மகள் யாஷிகா, முகமெல்லாம் கரி, அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு வேன் படியிலேயே நின்றது.

திரையில் படம் வந்ததும் பார்த்தேன். வலது பக்கம், மேலே, பஞ்சைப் பிய்த்து வைத்த மாதிரி வெள்ளை. பதினாறு வருஷமாக இதே வேலை.

“என்னக்கா, நல்லாருக்கா?” என்றாள்.

டெக்னீஷியன் முடிவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வேலை கொடுத்தார்கள். “டாக்டர் பாத்துச் சொல்லுவாக. மெசேஜ் வரும். வந்தா யோசிக்கவே கூடாது, அன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போயிரணும்” என்று அவளுக்கும் மற்ற எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

கரி மூக்குக்குள் போயிருக்கிறது. இரண்டு தடவை குளித்தும் துண்டு கறுப்பாகிறது.

பிப்ரவரி 7, புதன்.

காலையில் ஆற்றுப்பாலத்தில் வண்டியை ஓரங்கட்டினோம். அங்கேதான் படம் ஏறும் அளவுக்குச் சிக்னல் கிடைக்கும். டேப்பின் ஓரத்தில் சின்னதாக ஒரு மேகம் வரைந்திருக்கும். படம் ஏறாதவரை ஆரஞ்சு, ஏறிவிட்டால் பச்சை. ஒன்றரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“இந்த ஊரு மேகம் என்னைக்குத் தங்கச்சி சொன்ன நேரத்துக்கு வந்துருக்கு?” என்றார் பூபாலன் அண்ணன்.

இருளாயியின் பத்தொன்பதாவது படம் ஏறியபோது மட்டும் ஒரு பெருமூச்சு வந்தது.

பிப்ரவரி 9, வெள்ளி.

சென்னையில் எங்களுக்கு மேலே இருக்கும் ஸ்ரீவத்சன் சார் வாட்ஸப் குழுவில் என் பெயரைப் போட்டுப் பாராட்டியிருக்கிறார். ஒரே முகாமில் இருபத்தேழு பேர், நட்சத்திரக் கட்டம் ஒன்றுகூடக் காலியில்லை, இந்த மாதத்தில் இதுதான் முதல் இடமாம். பதினோரு பேர் கைதட்டும் படம் போட்டிருக்கிறார்கள்.

நன்றி போட்டுவிட்டு, பத்தொன்பதாவது ஆளின் முடிவு என்ன என்று கேட்டேன். “மேடம், உங்க லாகின்ல அப்லோடு மட்டும்தான். ரிசல்ட் வியூ பண்ண பர்மிஷன் இல்ல. பிரைவசி” என்றார்.

நான் எடுத்த படம். நான் நிற்க வைத்து, நான் மூச்சை இழுக்கச் சொல்லி எடுத்த படம். பார்க்க எனக்கு அனுமதி இல்லை!

பிப்ரவரி 14, சாம்பல் புதன்.

கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசினார்கள். ஒரு மாதமாக நான் சாம்பலுக்குள்ளேதான் கிடக்கிறேன், இதில் தனியாக வேறு பூச வேண்டுமா.

பிப்ரவரி 20, செவ்வாய். முதுகுளத்தூர்.

கதிர் படாமல் இருக்க நான் போட்டுக்கொள்ளும் ஈய அங்கியின் பட்டை அறுந்துவிட்டது. புது அங்கி கேட்டு மூன்று தடவை டேப்பில் விண்ணப்பம் போட்டேன், “பரிசீலனையில்” என்கிறது. ஊசி வாங்கி நானே தைத்தேன். ஒரு தடவை ஊசி விரலில் ஏறியது.

ஸ்ரீவத்சன் சாரை மறுபடி கூப்பிட்டேன். தொந்தரவு தாங்காமல் அவருடைய திரையைப் பார்த்துச் சொன்னார். “மேடம், நீங்க கேட்ட கேஸ் பாசிட்டிவா இருக்கலாம்னு டாக்டர் மார்க் பண்ணிருக்கார். மெசேஜ் போயாச்சு. நேத்து ஆட்டோ காலும் போயிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா ஒண்ணை அழுத்துங்கன்னு கேட்கும். ஒண்ணு அழுத்திருக்காங்க. கிரீன். க்ளோஸ்டு.”

போய்விட்டாள். நல்லது. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்தது இறங்கியது. சாயங்காலம் பூபாலன் அண்ணனுக்கும் சேர்த்துப் பருத்திப்பால் வாங்கினேன்.

மார்ச் 1, வெள்ளி. ராமநாதபுரம்.

இன்றைக்கு வந்த கோபத்தில் பேனா தாளைக் கிழிக்கிறது.

மாத ஆய்வுக் கூட்டம். அரசுத் தரப்பில் சந்தானம் என்ற மேற்பார்வையாளர் வந்திருந்தார். கக்கத்தில் நீளமான பதிவேடு, அட்டை போட்டது. எங்கள் நிறுவனத்து ஆள் திரையில் பச்சைப் பச்சையாகக் காட்டிக்கொண்டே வந்தார். இருளாயி பெயர் வந்ததும் சந்தானம் சார் பதிவேட்டைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார்.

“இந்தப் பேர்ல யாரும் சளி குடுக்கலயே. நாலு ஆஸ்பத்திரி புக்கும் எங்கிட்டதான் இருக்கு.”

“சார், எங்க கிளவுட்ல கிரீன்” என்றார் எங்கள் ஆள்.

“கிளவுட்ல சளி வாங்குவீகளா?” என்று கேட்டார் சந்தானம் சார்.

ஒன்றை அழுத்திய நம்பர் யாருடையது என்று பார்த்தார்கள். மேஸ்திரி முத்திருளாண்டியுடையது.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவனுக்குச் செய்தி போயிருக்கிறது. ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போனால் மூட்டத்தில் இரண்டு கை குறையும். அதனால் அமுக்கிவிட்டான். இயந்திரம் கேட்டதற்கும் ஒன்றை அழுத்திவிட்டு மண் பூசப் போய்விட்டான். பக்கத்திலேயே நின்று ஒத்துழைத்தானே, இதற்குத்தான்! நல்ல மனிதர் என்று இதே டைரியில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.

இருளாயிக்கு எப்படி மேஸ்திரி நம்பர் வந்தது என்று சந்தானம் சார் என்னைப் பார்த்துக் கேட்டார். அங்கே நெட்வொர்க் பிரச்சினை என்று சொன்னேன். அவர் அதைப் பதிவேட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார்.

மார்ச் 2, சனி.

அவன் நம்பருக்குப் பதினான்கு தடவை அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.

மார்ச் 4, திங்கள்.

வெள்ளாங்குளம் போனோம். மூட்டம் இல்லை. கறுப்பு வட்டம் மூன்று, குடிசை நட்ட குழிகள், ஒரு சின்ன ரப்பர் செருப்பு. மரம் தீர்ந்தால் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்களாம். எந்த ஊர் என்று கண்மாயில் ஆடு மேய்த்தவருக்குத் தெரியவில்லை. “தெக்க போனாக” என்றார். தெற்கே கடல்வரைக்கும் ஊர் இருக்கிறது.

யாஷிகாவின் செருப்பாக இருக்குமோ என்று எடுத்துப் பார்த்தேன். வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 12, செவ்வாய்.

இன்று கமுதிப் பக்கம் வேறொரு மூட்டம். முப்பத்தொரு பேர், நான்கு போன். ஒவ்வொருவரிடமும் சொந்தக்காரர் யார், போன் வைத்திருக்கும் அண்ணன் தம்பி யார் என்று கேட்டு, அவர்களைக் கூப்பிட்டு, ஓடிபி கேட்டு எழுதினேன். பொழுது சாய்வதற்குள் பதினோரு பேர்தான் முடிந்தது. மற்றவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. ஒரு கிழவர் காறித் துப்பிவிட்டுப் போனார்.

ஸ்ரீவத்சன் சார் கூப்பிட்டார். “என்ன மேடம், பதினொண்ணு? போன மாசம் அவ்வளவு நல்லா பண்ணீங்க?”

“போன மாசம் பண்ணுனது தப்பு சார்.”

“என்ன தப்பு?”

நான் பேச்சை மாற்றிவிட்டேன். போன் இல்லாதவர்களுக்குக் கட்டத்தைக் காலியாக விடும் வசதி வேண்டும் என்று கத்தினேன். நான்கு மாதமாக இதையே கேட்கிறேன். முகாமுக்கு வந்து ஒருநாள் நின்று பாருங்கள் என்றேன். அவர் “டெக் டீம்கிட்ட ரெய்ஸ் பண்றேன்” என்றார். அவர் இதுவரை சொன்னதையெல்லாம் அடுக்கினால் இந்த வேன் கூரையைத் தொடும்.

மார்ச் 17, ஞாயிறு. வீடு.

பூசைக்குப் போனேன். ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று அம்மா போன வாரமே சொல்லிவிட்டாள். ஃபாதரிடம் கோபத்தைச் சொன்னேன். மேலதிகாரியைத் திட்டியது, மேஸ்திரி என்ற ஒருவனை மனதுக்குள் தினமும் சபிப்பது, எல்லாம் சொன்னேன்.

“வேற ஏதாவது?” என்று ஃபாதர் கேட்டார்.

“இல்ல ஃபாதர்” என்றேன்.

வீட்டுக்கு வந்து மூன்று சீருடையையும் துவைத்தேன். கரி போகவில்லை.

மார்ச் 21, வியாழன். கடலாடி.

நடந்ததை நடந்த மாதிரியே எழுதுகிறேன்.

பூபாலன் அண்ணன் பத்து நாளாகக் கரி மூடை ஏற்றும் லாரிக்காரர்களை டீக்கடை டீக்கடையாக விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாது. இன்று காலை முகாமுக்குப் போகிற வழியில் எதுவும் சொல்லாமல் வண்டியை மண்பாதையில் இறக்கினார். “அந்தா தெரியுது பாரு தங்கச்சி பொகை. முத்திருளாண்டி மூட்டமாம்.”

வண்டி நிற்பதற்கு முன்பே குதித்துவிட்டேன். அவன் மூட்டத்தின் மேல் நின்று புகை கசியும் ஓட்டையில் சேறு அப்பிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“வாங்க தாயி! மறுபடி படமா?”

“எறங்குங்க கீழ. மெசேஜ் வந்துச்சா, இல்லயா?”

“வந்துச்சே.”

“ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி வந்துச்சா?”

“வந்துச்சு தாயி.”

“அப்பறம் எப்பிடிய்யா மனசு வந்துச்சு ஒண்ண அமுக்க? ஒரு உசுரு உங்களுக்கு அவ்வளவு லேசாப் போச்சா? வேல கெட்டுப்போகும்னுதான?”

இன்னும் என்னென்னவோ கத்தினேன். எழுத வேண்டாம். வேலையைப் போட்டுவிட்டு எல்லாரும் கூடிவிட்டார்கள். கூட்டத்தில் இருளாயியும் இருந்தாள். பாதியாகியிருந்தாள். இடுப்பில் யாஷிகா.

அந்த ஆள் கையைச் சேலைத் துணி ஒன்றில் துடைத்தார். கோபப்படவில்லை, குழம்பிப்போய் நின்றார்.

“போயிட்டுத்தான தாயி அமுக்குனேன்? நீங்கதான சொன்னீக, மெசேஜ் வந்தா யோசிக்கவே கூடாதுன்னு. மறுநாளே போயிட்டேன்.”

குடிசைக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். மடித்து மடித்து வைத்த சீட்டு. பெயர் முத்திருளாண்டி, வயது 54, சளியில் கிருமி இல்லை. தேதி பிப்ரவரி 15.

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒன்றைக்கூட அழிக்காமல் வைத்திருந்தார். வரிசையாக இருபத்துநான்கு செய்தி. இருபத்துமூன்றில் “அன்புடையீர், உங்கள் நெஞ்சுப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை” என்று இருந்தது. ஒன்றில் மட்டும் “அன்புடையீர், உங்கள் நெஞ்சுப் பரிசோதனை முடிவு வந்துள்ளது. மேல் பரிசோதனைக்கு உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லவும்” என்று இருந்தது. எதிலும் பெயர் இல்லை. அடுத்தவர் பார்த்துவிடக் கூடாது என்று பெயரை எடுத்துவிட்டார்கள். பயிற்சியில் பெருமையாகச் சொன்னார்களே, பிரைவசி என்று.

“எண்ணிப் பாத்தேன் தாயி. மத்தவுகளுக்கெல்லாம் நல்லதா வந்துருக்கு, இது ஒண்ணுதான் கெட்டது. போனு என்னுது. அப்ப எனக்குத்தான? சரி, சின்னஞ்சிறுசுக யாருக்கும் வராம எனக்கு வந்துச்சேன்னு நெனச்சுக்கிட்டேன்.”

பீடியை விட்டுவிட்டாராம். தட்டு, டம்ளர் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாராம். பேரன் பேத்திக்கு ஒட்டிவிடக் கூடாது என்று ஒரு வாரம் லாரித் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு மூட்டத்துக்கு அந்தப் பக்கம் படுத்தாராம். அந்த ஒரு வாரமும் அவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தது இருளாயி. “ஒண்ணும் ஆகாது சித்தப்பு, மாத்திரை இருக்குல்ல” என்று இருமிக்கொண்டே தைரியம் சொன்னாளாம். கிருமி இல்லை என்று சீட்டு வந்ததும் எல்லாருக்கும் கோழி அடித்துப் போட்டிருக்கிறார்.

இவரைத்தான் செய்தியை அமுக்கியவன் என்று எழுதினேன். இருபது நாள் தினமும் சபித்தேன்.

இனி எழுதாமல் இருக்க முடியாது. அந்த நம்பரை இருளாயிக்குப் போட்டது நான்தான். நான்காவது ஆளுக்கு போன் இல்லை என்றதும் மேஸ்திரியைக் கூப்பிட்டு அவர் நம்பரை வாங்கினேன். ஒரு தடவை சரிபார்த்த நம்பருக்கு டேப் மறுபடி ஓடிபி கேட்காது. அது தெரிந்துதான் செய்தேன். இருபத்துநான்கு பேருக்கும் அதே பத்து எண். அதனால்தான் வேகம் பிடித்தது. அதற்குத்தான் பதினோரு பேர் கைதட்டினார்கள்.

எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். “அந்த மெசேஜ் உங்களுக்கு வந்தது இல்லய்யா. இருளாயிக்கு வந்தது. நம்பர மாத்திப் போட்டது நான்.”

இருளாயி பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கித் தள்ளி நிற்க வைத்தாள். பிறகு கேட்டாள். “யக்கா, அன்னைக்குப் படம் எடுத்தீகளே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். விதி என் பக்கம்தான் இருந்தது.

“தெரியும்” என்றேன்.

“தெரிஞ்சுக்கிட்டேவா மெசேஜ் வரும்னு சொன்னீக? நல்லாருக்கான்னு வாயத் தொறந்து கேட்டேன்ல? ஆறு வாரம் ஆச்சு. இவ எங்கூடத்தான் படுக்கா. என் எச்சித் தட்டுலதான் திங்கா. எனக்கு வந்தா வந்துட்டுப் போகுது, இவளுக்கு வந்தா நீங்க என்ன சொல்லுவீக? அதுக்கும் மெசேஜ் வருமா?”

சட்டப்படி சொல்லக் கூடாது, என் வேலை போய்விடும் என்றெல்லாம் தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன். “வண்டில ஏறும்மா, இப்பவே போவோம்” என்றேன்.

“உங்க வண்டில நான் ஏறமாட்டேன்.”

யார் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் முத்திருளாண்டிதான் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். “வா தாயி, நாம பஸ்ஸுல போவோம். எந்த ரூமு, எம்புட்டு நேரத்துக்குப் போகணும், எந்த டப்பாவுல துப்பணும், எல்லாம் எனக்குத் தெரியும். போயிட்டு வந்தவன்தான நான்?”

இருளாயி, பிள்ளை, முத்திருளாண்டி மூவரும் பஸ்ஸில் போனார்கள். பின்னாலேயே எங்கள் வேன். பஸ் நிற்கும் நிறுத்தமெல்லாம் நாங்களும் நின்றோம். பஸ்ஸின் பின் கண்ணாடியில் யாஷிகா எங்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே வந்தது. அதற்கு என்ன தெரியும்!

மார்ச் 22, வெள்ளி.

இருளாயிக்குச் சளியில் கிருமி இருக்கிறது. இன்றே மாத்திரை தொடங்கிவிட்டார்கள். பெயரைப் பதிவேட்டில் எழுதும்போது சந்தானம் சார் பேனாவை அழுத்தி எழுதினார்.

பிள்ளைக்குப் படம் எடுக்க டாக்டர் சீட்டு எழுதினார். ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் வேன் நிற்கிறது. இருளாயி மாட்டேன் என்றாள், முத்திருளாண்டி ஏதோ சொல்லிச் சம்மதிக்க வைத்தார். யாஷிகாவை முதலில் குளிப்பாட்டி நிறுத்தினோம். ஆடாமல் நின்றது.

படம் வந்ததும் இருளாயியைத் திரைக்கு முன்னால் கூப்பிட்டேன். “பாத்துக்கம்மா. சின்னப் புள்ள படம், எனக்கு முழுசாச் சொல்லத் தெரியல. ஒண்ணும் இல்லன்னும் சொல்ல மாட்டேன். டாக்டர்தான் சொல்லணும். ஆனா எனக்கு என்ன தெரியுதோ அத உங்கிட்ட மறைக்கல.” கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விதி இதோடு போயிற்று.

டேப்பில் விவரம் போட்டேன். பெயர் யாஷிகா. வயது மூன்று. கைப்பேசி எண், சிவப்பு நட்சத்திரம். நான் நிமிர்ந்து இருளாயியைப் பார்த்தேன். அவளுக்கு போன் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

“உங்க நம்பரப் போடுங்க” என்றாள். “உங்களுக்கே வரட்டும்.”

போட்டேன். என் போன் மணியடித்தது. ஓடிபி.

மார்ச் 23, சனி.

இருளாயிக்குச் சிகிச்சை தாமதமானதற்குக் காரணம் போட வேண்டுமாம். டேப் நான்கு காரணம் கொடுக்கிறது. நோயாளி மறுத்தார், நோயாளி இடம் மாறினார், நோயாளி தவறான எண் கொடுத்தார், நெட்வொர்க் இல்லை. ஐந்தாவது இல்லை. ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் போக விடாது.

டேப்பை மூடிவிட்டு வெள்ளைத்தாள் வாங்கிக் கையால் எழுதினேன். ஒரு முகாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத ஐந்து முகாம் வந்தது. நூற்றுப் பதினெட்டுப் பேர். அத்தனை பேருக்கும் ஆளைத் தேடிப் பிடித்து முடிவைச் சொல்ல வேண்டும், முடிவைப் பார்க்க எனக்கு அனுமதி வேண்டும் என்று எழுதினேன். தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, சந்தானம் சாருக்கு ஒன்று.

ஸ்ரீவத்சன் சார் கூப்பிட்டார். “மேடம், ஆப்ல ரிமார்க்ஸ் இருக்கே? எதுக்கு பேப்பர்ல எல்லாம்?”

“ரிமார்க்ஸ்ல நூறு எழுத்துக்கு மேல போகாது சார்.”

“இது உங்களுக்கும் நல்லதில்ல, ஆர்கனைசேஷனுக்கும் நல்லதில்ல. யோசிச்சுக்கோங்க.”

“யோசிக்காம செஞ்சதுக்குத்தான் சார் இந்தக் காகிதம். நட்சத்திரத்த எடுக்கச் சொல்லி நாலு மாசமாக் கேட்டேன், அதுவும் அதுல இருக்கு. என் தப்ப நான் எழுதிட்டேன். உங்க தப்ப நீங்க எழுதுங்க.”

வைத்துவிட்டேன்.

மார்ச் 25, திங்கள்.

அனுமதி வரவில்லை. வேலையும் போகவில்லை. “பரிசீலனையில்.”

மார்ச் 27, புதன்.

இன்றைய முகாம் திருப்புல்லாணிப் பக்கம், நாற்பது பேர் காத்திருப்பார்கள் என்று காலையிலிருந்து மூன்று தடவை அலுவலகத்திலிருந்து போன். பாதி வழியில், வண்டி பெரிய ரோட்டில் ஏறும்போது, என் போனில் செய்தி வந்தது.

“அன்புடையீர், உங்கள் நெஞ்சுப் பரிசோதனை முடிவு வந்துள்ளது. மேல் பரிசோதனைக்கு உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லவும்.”

என் நம்பரை நான் போட்டது யாஷிகாவுக்கு மட்டும்தான். இருந்தாலும் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். பெயர் இல்லை.

பூபாலன் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். “என்ன தங்கச்சி? யாருக்கு?”

“எனக்குத்தாண்ணே” என்றேன். “வண்டியத் திருப்புங்க.”